நாய்த்துளசிக்கு ஊற்றிய கழுநீர்

என் வீட்டுக்காரர் நாய்த்துளசியைத் தொட்டியில் வைத்து வளர்த்தார் என்றால் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். வரப்பில் சும்மா முளைக்கிற களைக்கு இத்தனை உபசாரமா என்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு சந்து வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் என் அத்தை மகன். கல்லூரியில் செடிநூல் பேராசிரியருக்குக் கீழே, பையன்களுக்குச் செய்துகாட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஞாயிறானால் நாகமலைப் பக்கம் கிளம்பிவிடுவார். அங்கே வயல்களுக்கு நடுவே தனித்தனியாகக் கிடக்கும் பாறைகளின் இடுக்கில், கைப்பிடி மண்ணில் நாய்த்துளசி முளைத்திருக்கும். வரப்பில் முழங்கால் உயரம் வளர்கிற செடி, பாறைமேல் ஒரு சாணில் நின்று பூத்துவிடும். ஒரு பாறையில் எல்லாச் செடிக்கும் சிவப்புத் தண்டு. பக்கத்துப் பாறையில் ஒன்றுக்குக்கூடக் கிடையாது.

"அது ஏன் மச்சான்?" என்று கேட்டேன்.

"என்னைக்கோ ரெண்டு மூணு விதைதான் அந்தப் பாறைக்குப் போய்ச் சேந்திருக்கும் புள்ள. அதுக செவப்புத் தண்டு. வெளியில இருந்து வேற விதை வரல, அதுக வாரிசுதான் அம்புட்டும். செவப்பால லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. குட்டை அப்பிடியில்ல. பாறையில ஈரம் நிக்கிறது கொஞ்ச நாளு. சட்டுன்னு பூத்து விதை போட்டதுதான் பொழச்சிருக்கு."

"எங்க ஊருல பாதிப் பேருக்கு முன்பல்லு சந்து விட்டிருக்கே, அது மாதிரியா?"

"செவப்புத் தண்டு அதே மாதிரிதான். ஊருக்குள்ளயே பொண்ணு எடுத்தா வேற பல்லு எங்கிட்டிருந்து வரும்?" என்று என் வாயைப் பார்த்துச் சிரித்தார்.

பேராசிரியர் ஒப்பவில்லை. குட்டை பிறவிக் குணமல்ல, பட்டினி. நல்ல மண் கிடைத்தால் எழும்பிவிடும் என்றார். வீட்டில் நீரே வளர்த்துக் காட்டும், எழும்பிவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷம் வெயிலில் அலைந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

கொல்லையில் இருபத்துநான்கு தொட்டி வைத்தார். பாதியில் பரவைப் பக்கத்து வரப்பு விதை, பாதியில் பாறை விதை. எல்லாவற்றுக்கும் ஒரே மண். அவர் கல்லூரிக்குப் போனால் தண்ணீர் ஊற்றுவது நான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று பத்து தடவை சொன்னார்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டில் பிறந்த கை, நோஞ்சானைக் கண்டால் சும்மா இருக்காது. அரிசி களைந்த கழுநீரைக் குட்டைச் செடிகளுக்கு மட்டும் ஊற்றினேன். தவிடு தெரியாமல் மண்ணை விரலால் கிளறி மூடினேன். மாட்டுக்குக் கழுநீர் எடுக்க வரும் பால்காரம்மா, "என்னத்தா, இம்புட்டுத்தானா? வீட்டுல சோறு பொங்கலையா?" என்று முறைத்துவிட்டுப் போவாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, இவை எழும்பினால் தோற்பது என் மச்சான் என்று. நிறுத்தலாம் என்றால், பழகிய செடி வாடிவிடுமே என்று பயம். தினமும் சாண் போட்டுப் பார்த்தேன். நல்ல காலம், எழும்பவில்லை.

இரண்டு மாதத்தில் பேராசிரியர் வந்தார். வரப்பு நெட்டைகள் முழங்காலைத் தாண்டி நின்றன. குட்டைகள் சாண் உயரத்திலேயே பூத்து விதையும் பிடித்திருந்தன. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "குட்டைக்குத் தண்ணியக் குறைச்சுட்டீர்" என்றார்.

"இல்ல சார், ஒரே அளவுதான்."

"யார் கண்டா? ஜெயிக்கணும்னு ஆசை இருந்தா கை தானாக் குறைக்கும்."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வெளியே வந்துவிட்டேன்.

"ஐயா, தண்ணி ஊத்துறது நானு. கொறைக்கல, கூட்டித்தான் ஊத்துனேன். அந்தக் குட்டைகளுக்கு மட்டும் இம்புட்டு நாளாக் கழுநீரு. நெட்டைகளுக்கு வெறும் தண்ணிதான். நம்பலன்னா பால்காரம்மாவக் கேளுங்க, அவ மாடுதான் பட்டினி."

மச்சான் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பேராசிரியர் பென்சிலால் ஒரு குட்டைத் தொட்டியின் மண்ணைக் கிளறினார். தவிடு வெள்ளையாகக் கிடந்தது. ஒரு நெட்டைத் தொட்டியைக் கிளறினார். ஒன்றுமில்லை. குனிந்தபடியே மற்றத் தொட்டிகளையும் கிளறிப் பார்த்தார்.

"தின்னக் கொடுத்தும் எழும்பலையா!" என்று நிமிர்ந்தார். "உம்ம பேச்சுதான் சரி. இதையும் எழுதும்."

மச்சான் நோட்டைத் திறந்தார்.

"தொட்டிக்கு எம்புட்டுப் புள்ள ஊத்துன?"

"தெனமும் அரைச் சொம்பு" என்றேன், தலையைக் குனியாமல்.