ஐந்தாவது பெனால்டி

வளைகுடா நாட்டில், முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபுட்பால் அணிக்குப் போன வருடம் ஒரே நம்பிக்கை கார்மேகம். பரமக்குடிப் பக்கத்து ஆள், வெல்டர். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிசயம். பெனால்டி கிடைத்தால் பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு அப்போதே குதிக்க ஆரம்பித்துவிடுவோம்.

இந்த வருடம் முதல் பெனால்டியைத் தவறவிட்டான். நான்தான் கேப்டன், பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். "நல்லா அடிச்ச பயதானே, கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே" என்றார் கோல்கீப்பர் கௌஸ் முகைதீன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார்மேகத்தைக் கூப்பிட்டு, "தெனமும் அம்பது ஷாட் அடிக்கணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சத்தம் போட்டேன்.

"சரிண்ணே" என்றான், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் கூத்து. அடுத்த மூன்று பெனால்டியும் கோல் கம்பத்துக்கு மேலே பறந்தன. அணியில் பாதிப் பேர் அவனை மாற்றச் சொன்னார்கள். எனக்குத் தூக்கமே போயிற்று.

அரையிறுதிக்கு முந்தின நாள், டூட்டி முடிந்து, தங்குமிடத்துக்குப் போகும் கேம்ப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் டமார் டமாரென்று சத்தம். போய்ப் பார்த்தால், கார்மேகம் காலி கண்டெய்னரில் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறான். காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ!

"இதப் போட்டுக்கிட்டாடா ஒரு மாசமா அடிக்கிறே?"

"ஆமாண்ணே. பஸ் வர்றதுக்குள்ள அம்பது முடிக்கணும்ல, ஷூ மாத்த எங்க நேரம்? முப்பத்தெட்டு ஆச்சு."

அந்தக் கனத்துக்குப் பழகிய கால், வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் லேசான ஷூ போட்டால் பந்து எகிறாமல் என்ன செய்யும்? கோபம் அவன் மேலா என் மேலா என்று எனக்கே புரியவில்லை. "போதும், நிறுத்து" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் பெனால்டி. கார்மேகம் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். ஒரே நாளில் கால் மாறிவிடுமா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய், "நான் அடிக்கிறேன், தள்ளு" என்றேன். அவன் தள்ளி நின்றான்.

நான் அடித்த பந்து நேராக எதிரணி கோல்கீப்பர் கைக்குப் போயிற்று. தோற்றோம்.

பஸ்ஸில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கார்மேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"விடுங்கண்ணே. அடுத்த டோர்னமெண்ட்லயும் நீங்களே அடிங்க. நாலஞ்சு அடிச்சாச் சரியாயிரும்."

அவன் குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னான். அவன் முதல் பெனால்டியைத் தவறவிட்ட அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.