பொழுதுபோக்கு என்று எழுதிய பயணம்

மார்ச் 3: பண்ணைக்கு வண்டி வாங்கியது, ஒன்பது லட்சம்.
ஜூன் 14: மருத்துவமனைச் செலவு, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

மேடுபள்ளம் ஏறும் அந்த இரண்டு இருக்கை வண்டியில் பண்ணை வேலியைப் பார்த்துவருவது என் தங்கை கணவரின் வேலை. ஒவ்வொரு பயணத்தையும் ‘வேலை’ அல்லது ‘பொழுதுபோக்கு’ என்று பதிவேட்டில் குறிப்பது என் வேலை.

அன்று பக்கத்து இருக்கையில் தங்கை.

“ஏன் மாப்ளே, இவளும் கம்பி கட்டவா வர்றா?”

“காத்து வாங்க வர்றா மச்சான், அப்படியே எழுதிக்கோங்க!”

சிரித்துக்கொண்டே ‘பொழுதுபோக்கு’ என்று எழுதிவிட்டேன். சரிவில் வண்டி கவிழ்ந்து அவர் முதுகெலும்பு முறிந்தது. வேலையில் அடிபட்டால்தான் இழப்பீடு என்றது, பதிவேட்டைப் பார்த்த காப்பீட்டு நிறுவனம். வேலிக்கம்பி வண்டியிலேயே கிடந்தது என்று நான்கு முறை எழுதிப்போட்டேன்.

“இது உன் கையெழுத்துதானே அண்ணா?” என்று பதிவேட்டைக் காட்டித் தங்கை ஒரே ஒரு தடவை கேட்டாள்.

கடைசி மறுப்புக் கடிதம் வந்த நாள், நவம்பர் 22.