லாடம் அடித்தவரின் தேர்தல்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் மொன்றியல் நகரில், அஹுன்ட்சிக் பக்கம், நானும் மனைவியின் தம்பியும் ஒரு பழைய கல்வீட்டின் முன் நிற்கிறோம். மச்சான் இங்கே குழாய் வேலை செய்கிறவர். நகரசபைத் தேர்தலில் நிற்க அவருக்குக் கையொப்பங்கள் வேண்டும். காலையிலிருந்து கூச்சத்தில் ஒரு கதவையும் தட்டவில்லை. சுவரிலுள்ள பிரெஞ்சுப் பலகையை எனக்கு வாசித்துச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் இந்த வீட்டில் குதிரைகளுக்கு லாடம் அடித்தாராம். முதல்முறை தோற்று, பிறகு நகரசபைக்குத் தெரிவாகி, சேற்றுத் தெருவுக்குக் கல் பதிக்க வைத்தாராம்.

"அவருக்கு ஆர் வாக்குப் போட்டது?"

"லாடம் அடிப்பிச்ச சனம்தான் அத்தான். குதிரையளுக்கும் வாக்கு இருந்திருந்தால் முதல்முறையே வெண்டிருப்பார்."

"அப்ப நீ குழாய் பூட்டின வீடுகளுக்குப் போவன்."

அடுத்த தெருவில் அப்படியொரு வீடு. வேலைக்குப் போகிற பழக்கத்தில் பின்வாசல் ஒழுங்கைக்குத் திரும்புகிறார். நான் கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிவருகிறேன். மணியை அழுத்துகிறார். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கதவைத் திறந்து ஏதோ கேட்கிறார்.

"இண்டைக்கு ஒண்டும் ஒழுகேல்லையே எண்டு கேக்கிறா," என்று மச்சான் எனக்குச் சொல்லிவிட்டுக் கையொப்பப் படிவத்தை நீட்டுகிறார்.

அந்த அம்மா படிவத்தை வாங்கிப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியும் பேனையும் எடுக்க உள்ளே போகிறார். கதவைத் திறந்தே விட்டுப் போகிறார்.

எழுதியது: 2005 ஒக்டோபர் 9, ஞாயிறு.