உங்களுக்கு மட்டும் பழைய ரேட்

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நல்ல மாப்பிள்ளை, சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை. ஆனாலும் வீடு திரும்பியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. காரணம், அந்த மண்டபத்து வாட்ச்மேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து.

டி.வி.யில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் மிஷின் உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதா? வந்திருந்தால் நான் சொல்வது புரியும். மாடு வாங்குகிற மாதிரிதான் அதுவும். மாட்டின் விலை ஒரு தடவையோடு போச்சு. தீனி? அது ஆயுசுக்கும். மிஷினுக்குத் தீனி கேசட். ஒரு கேசட்டை ஆடி முடித்துவிட்டால் அப்புறம் அதை நாய்கூட முகர்ந்து பார்க்காது. அடுத்தது வேண்டும்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குத் தெருவுக்கு நாலு கடை உண்டு. கேசட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பையனுக்காக நானும் என் மனைவி சாந்தாவும் ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். அங்கே எபனேசர் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். முன்பு படக் கேசட் வாடகைக்கு விட்டவர். கேபிள் டி.வி. வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டதும் கேம் கேசட்டுக்கு மாறிவிட்டார். பழைய கேசட்டைக் கொடுத்து, கூடவே பத்து ரூபாய் கொடுத்தால் வேறு கேசட் தருவார். எக்ஸ்சேஞ்ச்!

அந்தப் பஸ்ஸில்தான் குருசாமி எனக்குப் பழக்கமானார். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இழை ஒட்டுகிறவர். மிஷினில் நூல் அறுந்தால் ஓடிப்போய் இரண்டு விரலால் பிடித்து, முறுக்கி, ஒட்டிவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான் வேலை. அந்த வலது கையைத்தான் ஒருநாள் மிஷின் பிடித்துக்கொண்டது. விரல் போகவில்லை. ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டன.

முதல் இரண்டு வாரம் என்னிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. "பாப்பாவுக்கு கேசட் மாத்தப் போறேன் சார்" என்பார். அப்புறம் ஒருநாள் மடியில் இருந்த மஞ்சப்பையைத் தடவிக்கொண்டே தானாகச் சொன்னார்.

"மதுரை ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னாக சார். ஒரு நாள் அமுக்கலாம். ரெண்டு நாள் அமுக்கலாம். பொறவு சலிச்சுப் போச்சு. எதுக்கு அமுக்குறோம்னே தெரியல."

"இந்த கேம் மட்டும் சலிக்கலையா?"

"இதுல விரல எடுத்தா செத்துருவோம்ல சார்."

துபாயிலிருந்து வந்த மச்சினன் குழந்தைக்கென்று கொடுத்த மிஷின் அது. குழந்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவர்தான் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வராத இரண்டு விரலாலும் பட்டனைக் குத்திக் குத்தி, குதிக்கிறவனைக் குதிக்க வைத்து, சுடுகிறவனைச் சுட வைத்து... விரல் கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பித்துவிட்டது. புதுக் கேசட் என்றால் கை பதறிப்போய் வேலை செய்கிறதாம். பழகிவிட்டால் அவ்வளவுதான்.

"கை தூங்கிருது சார். வாரா வாரம் மாத்திட்டே இருக்கணும்."

மில்லில் சொல்லியிருந்தது இது: 'தை பிறந்ததும் வா. இழை ஒட்டிக் காட்டு. ஒட்டினால் உன் மிஷின் உனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.' அதுவரை சம்பளம் கிடையாது. அவர் மனைவி தீப்பெட்டி ஒட்டிக் கொண்டுவருகிற காசில்தான் அடுப்பெரிந்தது. அதில்தான் இந்தப் பத்து ரூபாயும்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கண்டக்டர் நீட்டிய டிக்கெட்டை அவர் வலது கையால் வாங்கினார். வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை, கடையில் அட்டை தொங்கியது. செருப்பு டப்பாவைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. 'இன்று முதல் எக்ஸ்சேஞ்ச் ரூ.20.'

கடையே இரண்டுபட்டது.

அங்கே நான் பார்த்த காட்சிகளைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார், "பிள்ளைகளைக் கெடுக்கிற சாமான் இது. இதுக்கு இருபது ரூபாயா?" என்று கேட்டார். பத்து ரூபாய்க்குக் கெட்டால் பரவாயில்லை போலிருக்கிறது! காரில் வந்த ஒரு அம்மா, டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, எபனேசரிடம் தமிழில், "மதுரையில எட்டு ரூபாதான், தெரியுமில்ல?" என்றார். மதுரையில் எந்தக் கடை என்று எபனேசரும் கேட்கவில்லை, அந்த அம்மாவும் சொல்லவில்லை.

"மதுரையிலதாம்மா ஏத்திட்டாக. நான் என்ன செய்ய?" என்று அவர் எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்? ஏற்றியவன் மதுரையில் உட்கார்ந்திருக்கிறான், முகம் தெரியாது. அட்டையைத் தொங்கவிட்டவன் முகம்தானே நமக்குத் தெரிகிறது?

சாந்தா சத்தமே போடவில்லை. கேசட்டை மேஜைமேல் வைத்தாள். "சரிங்க. அடுத்த வாரம் மிஷினையே கொண்டாந்து குடுத்திருதேன். வாங்குன விலையத் திருப்பிக் குடுத்திருங்க" என்றாள். எபனேசர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அக்கா... உங்களுக்கு மட்டும் பழைய ரேட். வெளிய சொல்லிராதீக."

வாத்தியாருக்கும் அப்படித்தான் குனிந்தார். கார்க்கார அம்மாவுக்கும் குனிந்தார். வாயைத் திறந்த ஒவ்வொருவருக்கும் 'உங்களுக்கு மட்டும்'தான்.

எங்களுக்கு அடுத்து குருசாமி. அட்டையை ஒரு தடவை படித்தார். மஞ்சப்பைக்குள் போன கை வெளியே வரவில்லை.

"என்ன சார், மாத்தணுமா?" என்றார் எபனேசர்.

"இல்ல... பாப்பா இத இன்னும் முடிக்கல. அடுத்த வாரம் வாரேன்."

அன்றைக்கு வரும்போதுதான் பஸ்ஸில் என்னிடம் சொல்லியிருந்தார், புதன்கிழமையே முடித்துவிட்டேன் என்று.

திரும்பும்போது சாந்தா விடவில்லை. "ஏண்ணே, நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எல்லாருக்கும் குறைச்சாரே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு ஆம்பள பொம்மக் கடையில நின்னு வெல பேசுனா நல்லாவா இருக்கும்மா?"

"எங்க பையன் கேசட்டு ரெண்டு மூணு கெடக்கு. எடுத்துட்டுப் போங்க."

"சரிம்மா. பாக்கலாம்."

நம்மூரில் 'பாக்கலாம்' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவர் வரவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை. மார்கழி முழுக்கப் பையில் அந்த இரண்டு கேசட்டும் என்னோடு ராஜபாளையம் போய் வந்துகொண்டிருந்தன. எங்கே குடியிருக்கிறார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பஸ் சிநேகத்தில் யார் விலாசம் கேட்கிறார்கள்?

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? விலை ஏறினால் கத்துகிறவனால் கடைக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கத்துவான், குறைக்க வைப்பான், வாங்குவான், அடுத்த வாரமும் வருவான். பால்கோவாவுக்கு விலை ஏறியபோது நம் ஊரில் ஒருவராவது கத்தினோமா? மதுரை ஆபீசருக்குக் கொண்டுபோகிற கால் கிலோவுக்கு யார் பேரம் பேசுவார்கள்? எங்கே கத்தினால் குறையும் என்று நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் வராததை யாரும் கவனிப்பதும் இல்லை.

சரி, போன வாரத்துக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

மண்டபத்து கேட்டை ஒருவர் இடது கையால் தள்ளித் திறந்தார். காக்கிச் சட்டை. என்னைப் பார்த்ததும் வலது கை தானாக மேலே போனது. சல்யூட்தான். ஆனால் விரல் விரியவில்லை.

"குருசாமி?"

"சௌரியமா இருக்கீகளா சார்? தங்கச்சி வரலையா?"

"மில்லுக்குப் போனீங்களா?"

"போனேன் சார். பொங்கல் கழிச்சு மறு நாளே போனேன். நூலக் குடுத்தாக. பிடிச்சேன் சார்... பிடிக்க வந்துச்சு. முறுக்கத்தான் வரல." கையைக் காக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். "செத்த நேரம் பாத்தாக. போயிட்டு வாங்கன்னுட்டாக."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "விளையாடுறதை விட்டுட்டீங்களா?"

"அந்தக் கேசட்டையேதான் திருப்பித் திருப்பி ஆடுனேன். கண்ண மூடிக்கிட்டு ஆடலாம் சார் இப்ப." சிரிக்கப் பார்த்தார். "கை தூங்கிருச்சு."

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அவர் ஓடினார். நான் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.

மண்டபத்திலிருந்து நேராக எபனேசர் கடைக்குத்தான் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் துடைத்துக்கொண்டிருந்த கேசட்டை அப்படியே வைத்துவிட்டார்.

"அவருக்கா சார்? நெசமாவே பிள்ளைக்குன்னுல்ல நெனச்சேன்..." "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே சார். சும்மாவே குடுத்திருப்பேனே."

குறைத்திருப்பார். கொடுத்தும் இருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட ஒரு கெட்டவன்கூட இல்லை.

எதையாவது கேட்க வேண்டுமே என்று அட்டையைக் காட்டி, இந்த இருபது ரூபாய் ரேட்டில் வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த விலையை இன்றுவரை ஒருத்தர்கூடக் கொடுக்கவில்லையாம்.