சலங்கை கட்டிய பவளமும் கரடி வந்த காடும்

போன வாரம் மியூனிக்கிலிருந்து குகன் அண்ணை போன் செய்தார். பேசி முடித்த பிறகு அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஓர் அக்டோபர் சனிக்கிழமையே மனதில் சுற்றிச் சுற்றி வந்தது. நாய் வளர்க்கும் ஃபிராங்க்ஃபர்ட் வாசகர் ஒருவர், 'கரடி வந்த அந்த மலைப்பக்கம் நாயோடு போகலாமா?' என்று இந்த வலைப்பூவில் கேட்டு மாதக்கணக்காகிறது. பதில் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டுக்கும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. எனக்கு நாய் என்றாலே பயம். பாளையங்கோட்டையில் நான் டியூஷனுக்குப் போகும் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. அதற்குப் பயந்தே கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் வேட்டை நாயோடு காட்டுக்குப் போனதற்கு முழுக் காரணம் குகன் அண்ணை.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்து, பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, மியூனிக்குக்குத் தெற்கே ஒரு பவேரியச் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரர் ஆனவர். நான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, ரொட்டியும் சீஸும் தின்று நாக்குச் செத்துக் கிடந்த காலத்தில், கோயில் திருவிழாவில் பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். அதற்குப் பிறகு கடை விடுமுறையான திங்கட்கிழமைகளில் நான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பேன். போ என்று அவர்களும் சொல்லவில்லை, போகவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடைக்கு வேட்டைக்காரர்கள் மானும் காட்டுக்கோழியும் கொண்டுவருவார்கள். பத்து வருடம் இறகு பிடுங்கிய மனுஷனுக்கு, இந்தப் பறவை எங்கே இருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும் போல ஆகிவிட்டது. ஜெர்மனியில் அது லேசான காரியம் இல்லை. ஒரு வருடம் மாலை வகுப்பு, மரம் செடி மிருகம் சட்டம் துப்பாக்கி என்று அத்தனையிலும் பரீட்சை. தேறிவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்து, பறவை தேடும் பழக்கமுள்ள பெட்டை நாயையும் வாங்கிக்கொண்டார். பழுப்பும் வெள்ளையுமாக, நீளமான முடி, தொங்கு காது. பவளம் என்று பெயர் வைத்தார். ஜெர்மன் கட்டளையில் வளர்ந்த நாய் ஆறே மாதத்தில் யாழ்ப்பாணத் தமிழ் படித்துவிட்டது. நான் அப்போது நான்கு வருடமாக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன், இன்னும் படிக்கிறேன். நாயைக்கூட அண்ணை "வாங்கோ பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் போதாது. காடு யாராவது ஒருவரின் குத்தகையில் இருக்கும். அவர் கூப்பிட்டால்தான் கால் வைக்கலாம். மூன்று இலையுதிர்காலம் போயிற்று, அண்ணையை ஒருவரும் கூப்பிடவில்லை. கேட்டால் சிரித்து, தோளில் தட்டி, 'பார்க்கலாம்' என்பார்களாம். பவளம் பூங்காவில் காக்காயைக் கண்டு, வேட்டைப் பறவை என்று அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அண்ணை அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

2006 கோடையில் இத்தாலிப் பக்கத்திலிருந்து ஒரு கரடி ஆல்ப்ஸைத் தாண்டி பவேரியாவுக்குள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கரடியே பார்க்காத நாடு. ஆட்டைக் கொன்றது, தேன்பெட்டியை உடைத்தது என்று தினமும் செய்தி. கடைசியில் சுட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்று வந்த வழியில் இன்னொன்று வராதா என்ற பயம் அந்த மலைக்கிராமங்களில் போகவே இல்லை. அப்படி ஒரு கிராமத்தில் மர அறுவை ஆலை வைத்திருந்தவர் செப். அறுபது தாண்டியவர், ஞாயிறு தவறாமல் வந்து அண்ணை செய்யும் மான்கறி சாப்பிடுபவர். அந்தக் கிராமத்துக் காடு அவர் குத்தகையில் இருந்தது. அவருடைய நாய் நான் சொல்லும் வருடம் செத்துப்போயிருந்தது. காட்டு உள்ளான் பறவைகள் வலசை வரும் நேரத்தில் கையில் நாய் இல்லை. அப்போதுதான் சமையற்கட்டில் ஒருவர் நாய் வைத்திருக்கிறார் என்று அவர் காதுக்கு எட்டியது.

ஒரே ஒரு சனிக்கிழமை வந்து பார், நாய் சரியாக வேலை செய்தால் மேற்கொண்டு பேசலாம் என்றாராம். ஒரு நிபந்தனையும் வைத்தார். முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் தேன்பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன, சத்தம் கேட்டால் கரடி விலகிப்போகும், அதனால் மணி கட்டாமல் நாய் காட்டுக்குள் வரக்கூடாது. அந்தச் சனிக்கிழமை லீவுக்காக அண்ணை கடை மூடியிருக்கும் இரண்டு திங்கட்கிழமை சமையற்கட்டைக் கழுவித் துடைக்க ஒத்துக்கொண்டார்.

சுமதி அக்கா, அண்ணையின் மனைவி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, இவரைத் தனிய விட ஏலாது. நீங்களும் கூடப் போங்கோ. கரடி வந்தால் ஆராவது ஒராள் திரும்பி வந்து சொல்லவேணுமெல்லோ." சோறு போட்ட கை. மறுக்க முடியுமா?

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். எழுபது கிலோமீட்டர், அண்ணையின் பழைய டீசல் காரில் ஒன்றேகால் மணி நேரம். கார் இல்லாதவர்கள் ரயிலில் ஷ்லியர்சே ஏரி வரை வந்து பேருந்து பிடிக்கலாம். மியூனிக்கிலிருந்து ஏரிக்கு ஒரு மணி நேரம். ஐந்து பேர் போகும் நாள் சீட்டில் பெரிய நாயையும் ஓர் ஆளாகக் கணக்குப் போடுவார்கள். பவளம் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏரி வரும்வரை என் தோளில் தலைவைத்துத் தூங்கினாள். நான் மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தேன்.

காட்டோர வண்டி நிறுத்தத்தில் இறங்கி, சுடுகிறவர்கள் கண்ணில் தூரத்திலேயே படும் ஆரஞ்சு உடுப்பெல்லாம் மாட்டிய பிறகு அண்ணை பையைத் துழாவினார். மறுபடி துழாவினார். மணி இல்லை. சமையலறை ஆணியில் தொங்குகிறதாம். தூரத்தில் செப்பின் ஜீப் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மூன்று வருடக் காத்திருப்பு ஓர் ஆணியில் தொங்கிப் போய்விட்டதே என்று நினைத்தேன். அண்ணை டிக்கியைத் திறந்து மகள் அபிராமியின் நடன வகுப்புப் பையை எடுத்தார்.

சலங்கை. நாய்க்கா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஏதோ முணுமுணுத்தார், கத்தியால் ஓரத்து மணிகள் நான்கை அறுத்தார். ஷூ கயிற்றில் கோத்துப் பவளத்தின் கழுத்தில் கட்டினார். அக்காவுக்குத் தெரிந்தால் கரடியே தேவையில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செப் வந்து கைகொடுத்தார். நாயின் கழுத்தைப் பார்த்தார், குனிந்து மணியை விரலால் சுண்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. காட்டு ஓரத்தில் ஈர மண்ணில் ஒரு தடத்தைக் காட்டினார். மழையில் கரைந்துபோய், மாட்டுக் குளம்பா கரடிப் பாதமா என்று அவருக்கே தெரியவில்லை. சந்தேகமாக ஏதாவது இருந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது, நாயைக் கூப்பிட்டுவிட்டு எல்லாரும் பின்வாங்கவேண்டும் என்றார். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது.

தெரியாதவர்களுக்கு: இந்த வேட்டையில் நாய் துரத்தாது. புதருக்குள் தேடிக்கொண்டே போகும், பறவையின் வாடை கிடைத்ததும் கல்லாக நின்றுவிடும். அடர்ந்த காட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது, மணிச்சத்தம்தான் தெரியும். மணி நின்றால் பறவை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆள் மெதுவாக உள்ளே போகவேண்டும்.

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பனி விலகாத காடு, மஞ்சள் இலை, காலடியில் மெத்து மெத்தென்று பாசி, முன்னால் எங்கேயோ சலங்கைச் சத்தம். யாரோ ஒரு சின்னப் பெண் மரங்களுக்கிடையே ஆடிக்கொண்டே போவது போல இருந்தது. பத்து மணி வரை ஒரு பறவையும் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அண்ணையின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஓர் ஓடைப்பள்ளத்தின் மேலே நின்றோம். கீழே இளம் தேவதாரும் நாணலும் பின்னிக் கிடந்தன. பவளம் இறங்கினாள். சலங்கை நின்றது.

அண்ணை துப்பாக்கியைச் சரிசெய்து ஓர் அடி வைத்தார். செப் அவர் கையைப் பிடித்துவிட்டார். அந்தத் தடம் இந்தப் பள்ளத்தை நோக்கித்தான் போகிறது, நாயைக் கூப்பிடு என்றார். அண்ணை அசையவில்லை. ஒரு நிமிடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கீழே ஓடைச் சத்தம் மட்டும்.

அண்ணை என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். "கரடியெண்டால் இவ்வளவு நேரத்துக்கு எங்களிட்ட ஓடி வந்திருப்பாள். அவள் நிக்கிறாள் தம்பி. இப்ப கூப்பிட்டால் இனி அவள் என்னை நம்பமாட்டாள்." பிறகு அதையே செப்புக்கு ஜெர்மனில் சொன்னார். ஓடி வர முடியாமல் ஆகியிருந்தால் என்று செப் கேட்டார். இத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்ட ஒரே மனிதரின் பேச்சை மீறினால் இந்தக் காட்டுக்கு இது கடைசி நாள். மீறாவிட்டால் நாய் காட்டி நின்றது பொய்யாகிவிடும். அண்ணை கையை மெல்ல விடுவித்துக்கொண்டு இறங்கினார்.

அக்காவை நினைத்துக்கொண்டு நானும் பாதிவழி இறங்கினேன். அங்கிருந்து பார்த்தேன். பவளம் ஒரு முன்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, வால்நுனி மட்டும் நடுங்க நின்றாள். அவள் முன்னால் வெறும் சருகுதான் தெரிந்தது. அண்ணை பக்கத்தில் போனதும் அந்தச் சருகு பறவையாகி எழுந்தது. நீண்ட அலகு, படபடவென்று சிறகுச் சத்தம், மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து பறந்தது. அண்ணை இரண்டு குழலாலும் சுட்டார். இரண்டும் குறி தப்பின. இரண்டு தேவதாருக் கிளைகள் விழுந்ததுதான் மிச்சம்.

பவளம் திரும்பி அவரைப் பார்த்தாள். என் மேனேஜர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மேலே ஏறி வந்தோம். அண்ணை துப்பாக்கியை மடக்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பேச்சையும் கேட்கவில்லை, பறவையும் இல்லை. முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பறவை விழுந்தால் குத்தகைக்காரர் ஒரு சிறு தேவதாருக் கொப்பை ஒடித்து வேட்டைக்காரருக்குக் கொடுப்பார், அவர் அதில் பாதியை ஒடித்து நாயின் கழுத்துப்பட்டையில் செருகுவார். செப் ஒரு கொப்பை ஒடித்தார். அண்ணையைத் தாண்டிப் போனார். ஈரத்தில் முழங்கால் போட்டுப் பவளத்தின் கழுத்தில், சலங்கை மணிகளுக்குப் பக்கத்தில், முழுக் கொப்பையும் செருகினார். அவள் தலையைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்கு அந்த மலை ஜெர்மன் புரியவில்லை.

என்ன சொன்னார் என்று கேட்டேன். அண்ணை அந்தக் கொப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பவளம் எப்பவும் வரலாமாம். நானும் அவளோடை வந்தால் பரவாயில்லையாம்."

சலங்கை சேதி திங்கட்கிழமை வரைதான் மறைந்திருந்தது. நாயின் கழுத்திலா என்று கேட்டுவிட்டு, அக்கா இரண்டு நாள் அண்ணையோடு பேசவில்லை. அபிராமி வந்து, பவளமும் ஆடட்டுமே, எனக்கு நாலு மணி குறைந்தால் என்ன என்றாளாம். அதோடு வழக்கு முடிந்தது. அந்த நான்கும் பவளத்துக்கே ஆகிவிட்டன. மறு வருடம், அதற்கு அடுத்த வருடம் எல்லாம், அக்டோபரில் செப் போன் செய்வார். சனிக்கிழமை பவளத்துக்கு நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார். அண்ணையை நலம்கூட விசாரிக்கமாட்டார். எங்களுக்கு அது சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை.

சரி, ஃபிராங்க்ஃபர்ட் வாசகருக்கு. தாராளமாகப் போகலாம். அந்தத் தேன்பெட்டிகளைக் கவிழ்த்தது யார் என்று இன்றுவரை தெரியாது, நான் கரடியைப் பார்க்கவில்லை. ஆனாலும் நாயைக் கயிற்றை விட்டு அவிழ்க்காதீர்கள். கரடியைக் கண்ட நாய் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். மணி கட்டுங்கள், பேசிக்கொண்டே நடங்கள். குத்தகைக்காரரின் அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்கவேண்டாம். வேட்டைக்குப் போகிறவரோடு சும்மா போனாலும் ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். திரும்பியதும் நாயின் காதுக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள், உங்கள் முழங்காலுக்குப் பின்னாலும் பாருங்கள். மதியம் ஏரிக்கரையில் ஈரல் உருண்டை சூப் கிடைக்கும், நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் கேட்காமலே வைப்பார்கள். முக்கியமாக, கிளம்புமுன் சமையலறை ஆணியைப் பாருங்கள்.

நான் இப்போது ஹனோவருக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமைச் சோறு போய்விட்டது. இந்த வசந்தத்தில் பவளமும் போய்விட்டாள். வயிற்றில் கட்டி, பத்து வயது. நாய்க்குப் பயந்த நான் அன்று அலுவலகக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அக்டோபர் பிறந்ததிலிருந்து அண்ணைக்குப் போன் செய்யவே தயக்கமாக இருந்தது. அனுமதி நாய்க்குத்தானே, நாய் போனதோடு காடும் போனது என்று அவர் கோடையிலேயே சொல்லியிருந்தார். இந்த முறை சிரிக்காமல் சொன்னார்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். "தம்பி, செப் போன் எடுத்தவர். சனிக்கிழமை வரட்டாம். நாய் இல்லையே எண்டன். அது எனக்குத் தெரியும், நான் உன்னைத்தான் கூப்பிடுறன் எண்டார்."