ஜெயம் தூக்கி வந்த தட்டு

ஜெயம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது திண்டிவனத்தில், ஒரு பிரசவ வார்டில். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் மருமகள் அருணாவுக்கு வலி எடுத்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், "ஜெயத்தைக் கூப்புடுங்க, எங்கம்மா ஜெயத்தைக் கூப்புடுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். மீன் கூடையை வெளியே யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகளுக்கு ஒரு கை கொடுத்தாள். அருணா கத்தியதும் அவளுக்கும் ஒரு கை கொடுத்தாள். நான் பயந்துபோய் மூலையில் நின்றேன்.

யாரைப் பார்த்தாலும் ஊரையும் உறவையும் கேட்காமல் எனக்கு இருக்க முடியாது. அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். அனுமந்தைக்குப்பம். தகப்பன் சின்னதுரை, கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். அம்மா கூனிமேட்டுப் பக்கம். புருஷன் பாண்டுரங்கன், சொந்த மாமன் மகன். அந்த மகள் பெயர் கலைப்பிரியா. மூன்று தலைமுறைக்கு அவள் வீட்டு உறவை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

பாண்டுரங்கனுக்கு இடுப்பு போய்க் கடலுக்குப் போக முடியாமல் ஆனதும் குடும்பம் ஜெயத்தின் தலையில் விழுந்தது. மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து கடன் போட்டு ஒரு குட்டியானை வண்டி வாங்கினார்கள். வைத்த டிரைவர்களில் ஒருவனும் ஏல நேரத்துக்கு எழுந்து வரவில்லை. மீன் காத்திருக்குமா? நாற்பத்தெட்டு வயதில் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். குப்பத்து ஆம்பிளைகள், கடலில் ஓட்டிப் பழகு ஜெயம், அங்கேதான் மோத ஒன்றும் கிடையாது என்று கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். அவர்கள் பெண்டாட்டிகளின் கூடையும் அவள் வண்டியில்தான் திண்டிவனம் வரும்.

மார்க்கெட்டுக்குப் போகிறபோதெல்லாம் அவளுக்கு எங்கள் கொல்லை வேர்க்கடலை, மல்லாட்டை என்போம், கொண்டுபோவேன். எனக்கென்று நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருப்பாள். "யக்கா, இன்னா இளைச்சிப் போய்க்கினே இருக்க" என்பாள். வாங்கிய டீயை இரண்டு பேரும் ஆற்றிப் பகிர்ந்து குடிப்போம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வா என்று ஒரு நாளும் நான் அவளைக் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதம் என் தங்கை தேவகியின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தேவகியை மரக்காணம் பக்கம் கந்தாட்டில் கொடுத்திருக்கிறோம். தாய்மாமன் சீர் என் தம்பி சீனுவாசனுடையது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சீர்த்தட்டு மூன்று. மூன்றையும் மாமன் வீட்டுப் பெண்கள்தான் கையில் ஏந்தி வர வேண்டும். பெண்ணின் அத்தை வாசலில் நின்று, ஒவ்வொரு தட்டுக்கும் எந்த வீட்டுப் பெண், என்ன முறை என்று கேட்டு வாங்குவாள். சொல்லத் தெரியாமல் யாராவது முழித்தால் என்னைத்தான் பார்ப்பார்கள். எந்தக் கூட்டத்திலும் முறை எடுத்துக் கொடுப்பது நான்தான்.

ஒரு தட்டு எனக்கு, ஒன்று அருணாவுக்கு, மூன்றாவது சீனுவாசன் பெண்டாட்டிக்கு. அவர்கள் சேலத்திலிருந்து ரயிலில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து திண்டிவனம் வந்து எங்களோடு சேர வேண்டும். ரயில் வழியிலேயே நின்றுவிட்டது. தம்பி போன் பண்ணி, நான் எப்படியும் மாலை போடும் நேரத்துக்கு வந்துவிடுகிறேன், தட்டு பன்னிரண்டுக்குள் உள்ளே போயாக வேண்டும், நீங்கள் முன்னால் போங்கள் என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் மரக்காணம் பஸ் இல்லை. மழையில் பாலம் உள்வாங்கி, சுற்றிக்கொண்டு வருகிறதாம். தட்டுகளைத் துணியால் மூடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். பத்தே கால் ஆனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அருணாதான் ஜெயத்துக்குப் போன் போட்டாள். மீனை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்ப இருந்தவள் வந்து நின்றாள். நாங்கள் சொல்வதற்கு முன்பே வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதுத் தார்ப்பாய் வாங்கி விரித்திருந்தாள். தானும் எங்கேயோ குளித்துச் சேலை மாற்றியிருந்தாள். "ஏறுக்கா. பேஜார் பண்ணாத, பன்னெண்டுக்குள்ள ஊட்டு வாசல்ல நிக்க வெக்கிறேன்" என்றாள்.

பாலத்தைத் தவிர்த்து உள் கிராமங்கள் வழியாக வண்டியை விட்டாள். ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. கரை முழுக்கப் பனை. சவுக்குத் தோப்புக்குள் போகும்போது காற்று ஊளையிட்டது. தங்கையைக் கொடுத்து இருபது வருஷம் ஆகிறது. பஸ்ஸில் நெரிபட்டுப் போய் வந்ததில் இதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. உப்பளம் வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அதற்கு அந்தப் பக்கம் கழுவெளி ஏரித் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் பறவைகள். ஒன்றிரண்டு கூட்டம் இளஞ்சிவப்பாக இருந்தது.

"நேரம் ஆவுது ஜெயம்" என்றேன்.

"அஞ்சு நிமிசம் பாரேன். சீரைப் பன்னெண்டுக்குக் குடுக்கலாம். இது தண்ணி வத்துனா போயிடும்."

பார்த்தேன். மூன்று பேரும் மல்லாட்டை தின்றுகொண்டு பார்த்தோம். மூன்றாவது தட்டுக்கு ஆள் இல்லையே என்று அங்கேதான் சொன்னேன். நான் தூக்கினா ஆவாதா என்று கேட்டாள். அவள் குரலில் ஆசை இருந்தது. நம்ம முறையில யாராச்சும் தூக்கணும் என்று இழுத்தேன். "நான் உனக்குத் தங்கச்சி இல்லியா" என்றாள். தங்கச்சிதான் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கந்தாடு. மேளம் கேட்டது. பழத்தட்டு அவளிடம். நிமிர்ந்து, தட்டு அசையாமல் நடந்து வந்தாள். வாசலில் தேவகியின் நாத்தனார் தமிழ்ச்செல்வி நின்றாள். என் தட்டை வாங்கினாள், அருணா தட்டை வாங்கினாள். மூன்றாவதைப் பார்த்தாள். பிறகு தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் மீன் படம் போட்டிருந்தது.

"இது யாரு? உங்கள்ல எந்த ஊட்டுப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டாள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தூரத்துப் பங்காளிக்கும் முறை கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான். தங்கை என்று சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்ததா என்று கேட்டிருப்பார்கள், சிரித்திருப்பார்கள். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும்?

"வண்டிக்காரம்மா. ஆள் இல்லன்னு கூலிக்குத் தூக்கிக்கினு வரச் சொன்னேன்" என்றேன்.

தமிழ்ச்செல்வி தட்டை அவள் கையிலிருந்து எடுத்து, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்து, தன் மகளிடம் கொடுத்து உள்ளே அனுப்பினாள். ஜெயத்தின் கை கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்த மாதிரியே இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் வெளியே வந்தேன். வேலையாட்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு கவரில் சோறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பின்தொடர்ந்து தமிழ்ச்செல்வியும் வந்ததைப் பார்த்தாள். "சீர் நல்லபடியா சேந்துச்சிங்களா? அப்ப வர்றேங்கம்மா" என்றாள். நான் சொன்ன பொய்யை எனக்காக அவளும் சுமந்தாள். அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. நான் தலையை ஆட்டினேன்.

சீனுவாசன் ஒரு மணிக்கு வந்து மாலை போட்டான். குறையொன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அருணா என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கிய பிறகு, "அந்தம்மா கையைப் புடிச்சிக்கினுதான் உங்க பேரனைப் பெத்தேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் எனக்கு மார்க்கெட் பக்கம் போகத் துணிச்சல் வரவில்லை. பிறகு மல்லாட்டையோடு போனேன். "வாங்கம்மா, இன்னா மீன் வேணும்?" என்றாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. அன்னைக்கு நான் சொன்னது தப்பு ஜெயம் என்றேன்.

"தப்பு இன்னா இருக்குது? வண்டிதான ஓட்டினு இருக்கேன்" என்று செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். மல்லாட்டையை வாங்கிப் பக்கத்துக் கடைக்காரி பிள்ளைக்குக் கொடுத்தாள். என் மீனை நன்றாக ஆய்ந்து, ஒன்று கூடவே போட்டாள்.

போன ஐப்பசியில் பாண்டுரங்கன் தவறிவிட்டார். சேதி அருணாவுக்குத்தான் வந்தது. நானும் அவளோடு கிளம்பித் திண்டிவனம் வரை போனேன். மரக்காணம் பஸ் வந்ததும் கால் வலிக்கிறது, நீ போய்விட்டு வா என்று சொல்லிவிட்டேன். கால் வலிக்கவில்லை. அருணாவுக்கும் அது தெரியும். வண்டியைக் குழுவில் வேறொருத்தி ஓட்டுகிறாள் என்று வந்து சொன்னாள். ஜெயம் இப்போது கூனிமேட்டுக் குப்பத்தில் மகள் கலைப்பிரியா வீட்டில் இருக்கிறாள்.