ஒத்துக்காத கல்

வில்லாபுரத்தில் ரவிக்கை தைக்கும் தாமரைச்செல்விக்குக் கோபம் வந்தால் மிஷின் வேகமாக ஓடும். மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்தது அந்த மிஷின்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை அது பேய் பிடித்தது போல் ஓடியது. நாலு வருடமாகத் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திய புருஷன் செல்வக்குமார், கல்யாண நாளும் அதுவுமாக வாசலில் வந்து நின்றான். கையில் குட்டிச் சிவப்புப் பெட்டி. உள்ளே ஒற்றைக்கல் வைர மூக்குத்தி.

"வைரம்னா அழியாத அன்புக்கு அடையாளமாம், தாமர. கடையில சொன்னாங்க."

"அம்புட்டு அன்பும் நாலு வருசமா எங்க இருந்துச்சு? திருப்பூர்ல சாயம் போகாம காயப் போட்டிருந்தீகளா?"

உள்ளே விடவில்லை. ஆனால் சேதி கேட்டு, மாமியார் சோணையம்மாள் எழுமலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"ஏத்தா, போட்டுக்க. நீ போட்டுக்கிட்டா புருசன் பொஞ்சாதி சேந்தாச்சுன்னு ஊரு வாய மூடிரும்."

அது தாமரைச்செல்விக்கும் தெரியும். மூக்கில் கல் ஏறினால் அவனும் வீட்டுக்குள் ஏறிவிடுவான்.

"வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது அத்தை. மூணு நாள் வச்சுப் பாப்போம்" என்றாள்.

அப்படிப் பார்ப்பது வழக்கம்தான். கெட்டது ஏதாவது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் கடையிலும் கொடுத்திருந்தார்கள். பெட்டி சாமி படத்துக்கு முன்னால் போனது.

மூன்று நாளும் செல்வக்குமார் வாசலை விட்டு அசையவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் வைரம் வாங்கிய கதையைச் சொன்னான். சோறும் தண்ணீரும் சோணையம்மாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் பால் திரியவில்லை, மிஷினில் ஊசி ஒடியவில்லை. போதாததற்கு ஒரே கல்யாண வீட்டிலிருந்து பதினாறு ரவிக்கைகள் வந்து சேர்ந்தன.

"கல்லு ஒத்துக்கிருச்சு!" என்று சோணையம்மாள் கையைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை தாமரைச்செல்வி பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். "கடைக்கு வாரீகளா?" என்றாள் புருஷனிடம். போட்டுக்கொள்ளத்தான் போகிறாள் என்று அவன் தலையைச் சீவிக்கொண்டு பின்னாலேயே போனான்.

தெற்காவணி மூலவீதியில் கடைக்காரர் முன்னால் பெட்டியை வைத்தாள். "ஒத்துக்கலண்ணே. எடுத்துக்கங்க."

"ஏம்மா, என்ன நடந்துச்சு? யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல." பின்னால் நின்றவனைக் கட்டைவிரலால் காட்டினாள். "கல்லு வந்த நாள்லருந்து இந்தாளு எங்க வாசல விட்டு நகரல. இதுக்கு மேல என்னண்ணே கெட்டது நடக்கணும்?"

கடைக்காரர் செல்வக்குமாரைப் பார்த்தார். அவன் மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தான். அவர் கல்லை லென்சில் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"பணத்த யாருகிட்டம்மா குடுக்க?"

"வாங்குனவருகிட்டயே குடுங்க. ஆரப்பாளையத்துல திருப்பூர் பஸ்ஸு நிக்கும்."

சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். பதினாறு ரவிக்கைகளில் ஒன்றுக்குக்கூட இன்னும் கை வெட்டவில்லை.